82 புள்ளிகளுக்கு ஒரு சொல்

பெங்களூரின் கிழக்குப் பகுதியில் ஒரு நான்காவது மாடி ஃபிளாட். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைத்து அதன் மேல் ஸ்கிராபிள் பலகையை விரிப்பது அந்த வீட்டின் வழக்கம். ஒரு பக்கம் தாத்தா. வயது 74. வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கில நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரை முடிக்காமல் காலை இட்லியைத் தொடாதவர். எதிர்ப்பக்கம் பேத்தி. வயது 14. பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருப்பவள்.

இருவரும் ஆடும் விதம் வேறு. தாத்தா தனக்கு அர்த்தம் தெரிந்த சொற்களைத்தான் வைப்பார். பேத்தி பட்டியலை மனப்பாடம் செய்தவள். இரண்டெழுத்துச் சொற்கள் 127-ம் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். அவற்றில் பாதிக்கு அர்த்தம் கேட்டால் தோளைக் குலுக்குவாள். பெரும்பாலும் ஜெயிப்பவளும் அவள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம் தாத்தாவுடையது. பையிலிருந்து ஏழு கட்டைகளை எடுத்துத் தன் முன் அடுக்கினார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை இடம் மாற்றி அடுக்கினார். பிறகு நான்கு கட்டைகளை மட்டும் எடுத்துப் பலகையின் நடுவில் வைத்தார். 'ஹேர்'. தலைமுடி. 14 புள்ளிகள். ஆட்டம் போகப் போகப் பேத்தியின் கை ஓங்கியது. அவளே ஜெயித்தாள்.

கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் பேத்தி சில மாதங்களாக ஒரு புதுப் பழக்கத்தைக் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு முறையும் கையில் என்ன எழுத்துகள் இருந்தன என்று இருவரும் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அவற்றைக் கம்ப்யூட்டரில் போட்டு, எங்கே தவறு நடந்தது என்று பார்ப்பாள். போட்டிகளில் ஆடுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். தாத்தாவும் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தார். முதல் வரியில் பி, ஏ, ஆர், ஐ, ஏ, எச், எஸ் என்ற ஏழு எழுத்துகள் இருந்தன.

கம்ப்யூட்டர் ஒரு நொடியில் பதில் சொன்னது. பேத்தி கத்தியே விட்டாள்.

"தாத்தா! முதல் கையிலேயே ஏழு எழுத்தும் ஒரே சொல்லா இருந்திருக்கு. 82 புள்ளி! பரையாஸ்!"

"தெரியும் பாப்பா."

"தெரிஞ்சா ஏன் வைக்கல?"

தாத்தா கட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை. சமையலறையிலிருந்து காபியுடன் வந்த மகள், திரையில் இருந்த சொல்லைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஸ்கிராபிள் ஆடாதவர்களுக்கு அந்த 82 புள்ளிகளின் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். பலகையில் பக்கத்துக்கு 15 கட்டங்களாக மொத்தம் 225 கட்டங்கள். எழுத்துக் கட்டைகள் 100. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு. அடிக்கடி வரும் 'ஏ', 'ஐ', 'ஆர்', 'எஸ்' ஆகியவற்றுக்கு ஒன்று. 'பி' என்றால் மூன்று. 'எச்' என்றால் நான்கு. இந்தச் சொல்லின் ஏழு எழுத்துகளையும் கூட்டினால் 12தான். ஆனால் 'எச்' எழுத்து இரட்டிப்புக் கட்டத்தில் விழும்படி வைத்தால் 16. முதல் ஆட்டத்தில் சொல் முழுவதுக்கும் இரட்டை மதிப்பு என்பதால் 32. ஏழு கட்டைகளையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி போனஸ். ஆக 82. அதை விட்டுவிட்டு 14 புள்ளிக்குத் தலைமுடியை வைப்பது பேத்தியின் கண்ணில் பைத்தியக்காரத்தனம்.

அவள் பார்வை தவறும் அல்ல. இந்த ஆட்டமே அப்படித்தான் பிறந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த ஆல்ஃப்ரெட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், நாளிதழ் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி எண்ணிக் கட்டைகளின் எண்ணிக்கையையும் மதிப்பையும் வகுத்தார். 1948-ல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் அதற்கு ஸ்கிராபிள் என்று பெயரிட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்தார். எழுத்துக்கு விலை உண்டு. சொல்லுக்குத் தனியாக விலை கிடையாது. அன்பு என்று வைத்தாலும் கொலை என்று வைத்தாலும் கூட்டல் கணக்கு ஒன்றுதான். போட்டியில் எதிராளி ஒரு சொல்லை மறுத்தால், அது பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பார்கள். அர்த்தம் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

இதன் உச்சத்தைத் தொட்டவர் நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ். ஆங்கிலத்தில் ஐந்து முறை உலக சாம்பியன். 2015-ல் பிரெஞ்சு மொழி உலகப் போட்டியிலும் வென்றார். அவருக்கு பிரெஞ்சு பேசத் தெரியாது. சில வாரங்கள் உட்கார்ந்து சொற்பட்டியலை மனப்பாடம் செய்திருந்தார். 2024-ல் ஸ்பானிஷ் மொழியிலும் அதையே செய்து காட்டினார். பேத்தியின் அறைச் சுவரில் அவர் படம் ஒட்டியிருக்கிறது.

தாத்தாவின் வழி இதற்கு நேர் எதிர். பேத்தி பட்டியலிலிருந்து எடுத்து வைக்கும் சொல்லில் தமிழ் வாசனை அடித்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். 'செரூட்' வைத்தால் அது நம் சுருட்டு என்பார். 'கேட்டமரான்' கட்டுமரம். 'வெட்டிவர்' வெட்டிவேர். 'தோசா' என்ற சொல்லுக்குப் பட்டியலில் 'தோசாஸ்' தவிர 'தோசை' என்றும் ஒரு பன்மை உண்டு. ஒன்று என்றால் தோசா, பல என்றால் தோசை! இதைக் கண்டுபிடித்த அன்று தாத்தா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அப்படிப்பட்டவர் இன்று ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டது பேத்திக்கு விசித்திரமாக இருந்தது.

அவள் தானே அகராதியில் தேடினாள்.

"சமூகத்தால் ஒதுக்கி வைக்கப்பட்டவர்னு போட்டிருக்கு. அட, தமிழ்லேர்ந்து வந்ததாம்! தாத்தா, இது நம்ம சொல்!"

மேஜையைச் சுற்றி ஒரு கணம் யாரும் பேசவில்லை. அவள் சொன்னது எவ்வளவு உண்மை என்று அவளுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று அந்த வீட்டில் 14 ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகியிருந்தது.

முடிவெடுத்தது மகள்தான். சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவள். ஃபிளாட் வாங்கப் போன இடத்தில் "தமிழ்நாட்டில் எந்த ஊர், எந்தத் தெரு, வீட்டில் சைவமா?" என்று சுற்றி வளைத்துக் கேட்கப்பட்டவள். அலுவலக மதிய உணவு வேளையில் இட ஒதுக்கீட்டைப் பற்றி நண்பர்கள் பேசும்போது டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பழகியவள். "என் பொண்ணுக்கு அந்த பாரம் வேண்டாம்பா. பெரியவளானதும் அவளே தெரிஞ்சுக்கட்டும்" என்று குழந்தை பிறந்த ஆண்டே சொல்லிவிட்டாள். தாத்தா தலையாட்டினார். பேரம் பேசவில்லை. மகள் எந்த வழியாக வந்தாள் என்று அவருக்குத் தெரியும். அதே வழியாகத்தான் அவரும் வந்தார்.

அந்த வழி குடியாத்தம் பக்கத்து ஒரு சேரியில் தொடங்குகிறது. தாத்தாவின் தாத்தா அங்கே பறை அடித்தவர். ஊரில் சாவு விழுந்தால் முதலில் அவருக்குத்தான் ஆள் வரும். திருவிழா என்றாலும் அவர் அடித்தால்தான் தொடங்கும். ஆனால் அதே தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாது. 1880-களில் கோலாரில் ஆங்கிலேயக் கம்பெனி தங்கச் சுரங்கம் தோண்டத் தொடங்கியதும் வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே போனார்கள். பிறகு ஒரு நாள் அவரும் பறையைச் சுவரில் மாட்டிவிட்டு ரயிலேறினார். சுரங்கம் ஆளை விழுங்கும் இடம்தான். ஆனாலும் பூமிக்கடியில் யாரும் விலகி நடக்கச் சொல்வதில்லை. அவர் மகனும் சுரங்கத்துக்குள் போனார். பேரன் மட்டும் போகவில்லை. லைன் வீட்டுத் திண்ணையில் படித்து, 1960-களின் கடைசியில் கல்லூரிக்காக பெங்களூர் வந்தான்.

அங்கேதான் அந்தச் சொல்லை அவர் முதல் முறையாக ஆங்கிலத்தில் சந்தித்தார். ஆங்கில வகுப்பு. பாடத்தில் 'பரையா டாக்' என்று வந்தது. தெருநாய் என்று அர்த்தம் சொன்னார் ஆசிரியர். பின் வரிசையிலிருந்து ஒருவன் தமிழில் அந்தச் சாதிப் பெயரை மெதுவாகச் சொன்னான். தமிழ் தெரிந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆசிரியருக்கு ஏன் சிரிப்பு என்று புரியவில்லை. மற்ற மாணவர்களுக்கும் புரியவில்லை. புரிந்தவர்களில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

மாலையில் நூலகத்துக்குப் போய்த் தடித்த அகராதியைப் புரட்டினார். இரண்டு அர்த்தங்கள். முதலாவது, தென்னிந்தியாவின் தாழ்ந்த சாதி ஒன்று. இரண்டாவது, எல்லோராலும் ஒதுக்கப்பட்ட எவரும். இதைவிட அவரை உறுத்தியது வேறொன்று. ஊர்ப் பெயர், ஆள் பெயர், மக்கள் கூட்டத்தின் பெயர் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து பெரிய எழுத்து. இந்தப் பெயருக்குச் சின்ன எழுத்து.

ஸ்கிராபிள் விதிகளைப் படித்தபோது இது மீண்டும் நினைவுக்கு வந்தது என்கிறார் அவர். ஆட்டத்தில் பெயர்ச் சொற்களுக்கு இடமில்லை. பெரிய எழுத்தில் தொடங்கும் எதுவும் செல்லாது. 'தமிழ்' என்ற சொல்லைப் பலகையில் வைக்க முடியாது. அது ஒரு மொழியின் பெயர், ஒரு மக்களின் பெயர். ஆனால் அந்த மக்களில் ஒரு பகுதியினரின் பெயரை வைக்கலாம். ஏனென்றால் ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அது யாருடைய பெயரும் இல்லை. மேஜை, நாற்காலி மாதிரி ஒரு பொதுச் சொல். 'பிராமின்' என்ற சொல்லும் பட்டியலில் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பழைய பெருங்குடும்பத்தினரை அப்படி அழைப்பது வழக்கம். நம் ஊரின் இரண்டு சாதிப் பெயர்கள் கடல் கடந்து போய்ப் பொதுச் சொற்களாயின. ஒன்று மேன்மக்களைக் குறிக்கிறது. இன்னொன்று ஒதுக்கப்பட்டவரை. கப்பல் ஏறியபோது கொண்டுபோன மூட்டையைத்தான் அங்கே அவிழ்த்திருக்கிறார்கள்.

இந்தச் சொல் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில நூல்களுக்குள் போய்விட்டது. அப்போது அது ஒரு சாதியின் பெயர் மட்டும்தான். அதற்கு ஐரோப்பா முழுவதும் பொது அர்த்தம் கிடைத்ததில் பிரெஞ்சு இலக்கியத்துக்குப் பங்குண்டு. 1791-ல் பெர்னார்தன் த சேன்-பியேர் இந்தியக் குடிசை ஒன்றைப் பற்றிய கதை எழுதினார். ஊரெல்லாம் தேடிக் கிடைக்காத ஞானம், ஒதுக்கப்பட்ட ஒரு மனிதனின் குடிசையில் கிடைப்பதாகக் கதை. அந்தக் கதையில் அவன்தான் உயர்ந்தவன். அதைத் தொடர்ந்து அந்தப் பெயர் நாடகம், ஓபரா என்று சுற்றியது. ஜெர்மனியில் கதே கவிதை எழுதினார். பிறகு யூதர்களின் நிலையை விளக்கும் அறிஞர்களும் இதே சொல்லைக் கடன் வாங்கினார்கள். இத்தனை பேர் எடுத்தாண்டதில் குடியாத்தத்துச் சேரி யாருடைய நினைவிலும் இல்லை.

வங்கியில் இருந்த காலத்தில் தாத்தாவுக்கு இன்னொரு வேடிக்கை கண்ணில் பட்டது. 1980-களில் ஆங்கிலப் பத்திரிகைகள் தென்னாப்பிரிக்காவை 'பரையா ஸ்டேட்' என்று எழுதின. நிறவெறி ஆட்சி நடத்தியதால் உலகம் ஒதுக்கி வைத்த நாடு என்று பொருள். மனிதர்களைத் தோலைப் பார்த்துப் பிரித்து, தனிக் குடியிருப்பு, தனிக் குழாய், தனிப் பெஞ்சு என்று வைத்த அரசுக்கு, தனிக் குடியிருப்பிலும் தனிக் கிணற்றிலும் நிறுத்தப்பட்ட மக்களின் பெயர். தீண்டாமை செய்தவனுக்குத் தீண்டப்படாதவனின் பெயரை வைத்தது ஏன் என்று பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். தபாலில் சேர்க்கவில்லை. கையெழுத்துக்குக் கீழே என்ன விலாசம் போடுவது, அலுவலகத்தில் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்து மேஜை டிராயரில் போட்டுவிட்டார்.

இவை எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை மேஜையில் சொல்லப்படக் காத்திருந்தன. தாத்தா மகளைப் பார்த்தார். மகள் காபி டம்ளரை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "சொல்லுங்கப்பா. கம்ப்யூட்டரில் பார்த்துத் தெரிஞ்சுக்கறதுக்கு, நீங்க சொல்றது மேல்."

அவர் பறையிலிருந்து தொடங்கினார். தோல் கட்டிய கருவிக்கு மட்டும் அது பெயரில்லை. பழந்தமிழில் பறை என்றால் சொல். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் எல்லோரும் வாய் திறந்தால் 'பறையுன்னு'தான். புறநானூற்றில் 335-ஆம் பாடலில் இந்தக் குடியின் பெயர் வருகிறது. இழிவாக அல்ல, அந்த மண்ணின் நான்கு குடிகளில் ஒன்றாக. "அதாவது பாப்பா, நீ சொல் கட்டி விளையாடறியே, அந்தச் சொல்லுக்கே பேரு பறை" என்றார். பிறகுதான் சேரி, சுரங்கம், கல்லூரி எல்லாம் வந்தன. தாத்தா குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. வங்கியில் கடன் விண்ணப்பக்காரருக்கு விதிகளை விளக்குகிற அதே குரல்.

பேத்தி குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒரே கேள்வி கேட்டாள். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் அம்மா.

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது."

அந்த வாக்கியத்துக்கு இருவரிடமும் பதில் இல்லை.

கோபம் வந்தால் கம்ப்யூட்டரிடம் போவது அந்த வயதின் வழக்கம். அவளும் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். ஸ்கிராபிள் பட்டியலிலிருந்து சொற்களை நீக்கிய வரலாற்றைத் தேடிப் பிடித்திருந்தாள். 1994-ல் அமெரிக்காவில் இதைப் பற்றிப் பெரிய தகராறு. யூதர்களையும் கறுப்பர்களையும் இழிக்கும் சொற்களை ஆட்ட அகராதியில் எப்படி வைக்கலாம் என்று ஒரு பெண்மணி கிளப்பிய புகாரைத் தொடர்ந்து, அவற்றை எடுத்துவிடப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. போட்டி ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். பலகையில் சொல்லுக்கு அர்த்தம் இல்லை, அது வெறும் எழுத்துக் கோவை என்பது அவர்கள் வாதம். கடைசியில் சமரசம். வீட்டு அகராதியிலிருந்து அந்தச் சொற்கள் போயின. போட்டிக்கான பட்டியலில் தங்கின. அந்தப் பட்டியலை அர்த்தங்கள் இல்லாமலே அச்சடித்தார்கள். 2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு அங்கே போட்டிப் பட்டியலிலிருந்தும் இழிசொற்கள் நீக்கப்பட்டன. 2021-ல் மற்ற நாடுகளுக்கான பட்டியலிலிருந்து சுமார் 400 சொற்கள் போயின.

"அந்த லிஸ்ட்ல இது இல்லையே தாத்தா. ஏன்?"

"அவங்க காதுக்கு அது வலிக்காது பாப்பா. வலிக்கிறவங்க அந்த ரூம்ல யாரும் இல்ல."

"அப்ப எழுதிப் போடலாமா? எடுக்கச் சொல்லி?"

மகளும் ஆவலாகப் பார்த்தாள். தாத்தா உடனே பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் அவர் தாத்தா சேர்த்து வைத்த பழைய 'தமிழன்' இதழ்கள் சில. தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை ராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய பத்திரிகை. முதலில் 'ஒரு பைசாத் தமிழன்'. அவர் 1914-ல் மறைந்தார். பின்னர் 1920-களில் கோலார் தங்கவயலிலிருந்தே அதை மீண்டும் நடத்தினார்கள். மாரிகுப்பத்தில் அவர் வழிவந்த பௌத்த சங்கம் இருந்தது. பண்டிதர் அந்தச் சாதிப் பெயரை ஏற்கவே இல்லை. நாம் பூர்வ பௌத்தர்கள், உண்மையை வெளியே பறைந்ததால் எதிரிகள் நமக்கு இட்ட பெயர் அது என்றார். அதை உதறிவிட்டுத் தமிழன் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அவர் மனைவியின் சகோதரர் இரட்டைமலை சீனிவாசன். பின்னாளில் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனவர். அவர் 1893-ல் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி ஊர் கூனச் சொன்னதோ அந்தப் பெயரையே முகப்பில் அச்சடித்தார். 'பறையன்'. பெயரை மறைத்துக்கொண்டால் உரிமை கேட்க முடியாது என்பது அவர் கட்சி. ஒரே குடும்பம், மாமனும் மச்சானும். ஒருவர் அந்தச் சொல்லைத் தூக்கி எறிந்தார். இன்னொருவர் அதையே கொடியாகப் பிடித்தார். 1922-ல் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில் சென்னை மாகாண அரசு அந்தப் பெயரைக் கைவிட்டு ஆதி திராவிடர் என்று எழுதத் தொடங்கியது. ஆனாலும் பட்டியல் சாதிகளின் வரிசையில் அது இன்றும் இருக்கிறது. வாதம் இன்னும் முடியவில்லை.

"ரெண்டு பேருல யார் சரி?" என்று கேட்டாள் பேத்தி.

"ரெண்டு பேரும்தான். எடுக்கச் சொல்லி எழுதினா எடுத்துடுவாங்க. அப்புறம் யாரும் அது என்னன்னு கேக்க மாட்டாங்க. இன்னிக்கு நீ கேட்டியே, அது மாதிரி. அதனால எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா என் கையால அதை வெச்சு 82 புள்ளி வாங்கவும் மனசு வரல."

மகள் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். பிறகு, "நான் உங்க மச்சான் கட்சி இல்லப்பா, மாமா கட்சின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "ஆனா பண்டிதர் அந்தப் பேரை வேண்டாம்னு சொன்னாரே தவிர, மறைச்சு வைக்கல. நான் மறைச்சேன்." தாத்தா அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். டிராயரில் கிடந்த கடிதத்தைப் பற்றி அவளிடம் அதுவரை சொன்னதில்லை. அன்றுதான் சொன்னார்.

இருட்டிவிட்டது. பலகையை யாரும் எடுத்து வைக்கவில்லை. பேத்தி பையிலிருந்து அதே ஏழு கட்டைகளைத் தேடி எடுத்து மேஜையில் பரப்பினாள். எழுத்துகளைக் கலைத்துக் கலைத்து அடுக்குவது அவள் கைக்குப் பழக்கம். திடீரென்று நிமிர்ந்தாள்.

"தாத்தா, இதுலயே இன்னொரு ஏழெழுத்து இருக்கு. 'ரஃபியாஸ்'!"

தாத்தாவுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. அர்த்தம் அவளுக்கும் தெரியாது, ஆனால் பட்டியலில் உண்டு என்று அடித்துச் சொன்னாள். தேடிப் பார்த்தார்கள். ரஃபியா என்பது ஒரு பனை வகை. ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் வளர்வது. அதன் ஓலையிலிருந்து நார் உரித்துக் கூடையும் பாயும் தொப்பியும் பின்னுவார்கள். அதே ஏழு எழுத்து. அவள் பலகையில் கட்டம் எண்ணிப் பார்த்தாள். இதில் 'எச்' நடுவில் வருவதால் இரட்டிப்புக் கட்டத்தில் விழாது, 'பி'யைத்தான் அங்கே கொண்டுவர முடியும். 80 புள்ளி.

"ரெண்டே ரெண்டு புள்ளிதான் கம்மி. இதை வெச்சிருக்கலாம் நீங்க."

"தெரிஞ்சிருந்தா வெச்சிருப்பேன்" என்று தாத்தா சிரித்தார். "ஒரு சொல்லு அர்த்தம் தெரிஞ்சதால விட்டுட்டேன். இன்னொண்ணு தெரியாததால விட்டுட்டேன்."

போட்டிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கட்டைகளைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டே பேத்தி கேட்டாள். "போட்டியில எனக்கு இதே ஏழு வந்தா எதை வைக்கிறது?"

மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் பதிலுக்கு அவசரப்படவில்லை. தகரப் பெட்டியை மூடி, கொக்கியை மாட்டினார்.

"எதை வேணும்னாலும் வை பாப்பா. என்னன்னு தெரிஞ்சு வை."